ஸிங்க் பொத்தானை ஒரு மாதம் தொடாதீர்கள்!



சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியின் இயற்பியல் மன்ற விழாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு டேப்லெட்டையும், அதனுடன் கம்பியால் இணைத்த ஒரு டி.ஜே. கண்ட்ரோலரையும் மேசைமீது வைத்தான். ஒரு பாட்டு முடியும் முன்னரே அடுத்த பாட்டைத் தாளம் பிசகாமல் அதனுடன் கலந்து காட்டப்போவதாக அறிவித்தான். முதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டை எடுத்து, 'ஸிங்க்' என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தினான். திரையில் இரண்டு பாட்டுக்கும் நேராக 120 என்ற எண் ஒளிர்ந்தது. ஆனால் ஒலிபெருக்கியிலிருந்து வந்ததோ, இரண்டு பேர் ஒரே உரலில் முறை தவறி உலக்கை போடுவது போன்ற ஓசை!

"திரையில் சரியாகத்தானே சார் இருக்கிறது!" என்று அவன் திகைத்து நின்றான். பின்வரிசையில் இருந்த முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கையால் தாளம் போட்டபடியே, "அண்ணா, அரைத் தட்டு தள்ளி விழுகிறது" என்றாள். அவன் கண்ட்ரோலரின் சக்கரத்தைச் சற்றே தள்ளினான். இரண்டு தாளங்களும் ஒன்றாயின. அரங்கம் கைதட்டியது.

அந்த மாணவியிடம் கண்ட்ரோலர் கிடையாது. சிறு வயதில் சில ஆண்டுகள் பாட்டுக் கற்றவள் என்று பிறகு அறிந்தேன். கருவி வைத்திருந்தவனுக்குக் கேட்காதது, கருவி இல்லாதவளுக்குக் கேட்டது. இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் உங்களுடன் பேச விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கருவி உங்கள் கைக்கு வந்தால், முதல் ஒரு மாதம் ஸிங்க் பொத்தானைத் தொடாதீர்கள். ஏன் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

பலகை பாடுவதில்லை

டி.ஜே. கண்ட்ரோலர் என்பது இரண்டு சக்கரங்களும், சில நழுவு பிடிகளும், பல பொத்தான்களும் கொண்ட ஒரு பலகை. பாட்டு அதற்குள் இருக்கிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் பாட்டு இருப்பது கைப்பேசியில் அல்லது டேப்லெட்டில். அதை வேகப்படுத்துவதும், குறைப்பதும், மற்றொன்றுடன் கலப்பதும் அங்கே ஓடும் ஒரு செயலிதான். பலகை அனுப்புவது வெறும் எண்களை!

ஒலி அளவைக் கூட்டும் நழுவு பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மின்தடைப் பட்டையின் மேல் நகரும் தொடுமுனை அது. பட்டையின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு மின்னழுத்தம் உள்ளது. தொடுமுனை எங்கே நிற்கிறதோ அதற்கேற்ற பங்கு மின்னழுத்தம் வெளியே வருகிறது. ஆய்வுக்கூடத்தில் மின்னழுத்தமானிக் கம்பியின் மேல் தொடுசாவியை நகர்த்தியிருந்தால் இது உங்களுக்குப் புதிதன்று. இந்த மின்னழுத்தத்தைப் பலகையிலுள்ள ஒரு சிறு சில்லு அளந்து, 0 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றுகிறது. பிடி கீழே இருந்தால் 0. நடுவில் இருந்தால் 64. மேலே இருந்தால் 127. 'இன்ன பிடி, இன்ன எண்' என்ற சிறு செய்தி கைப்பேசிக்குப் போய்ச் சேருகிறது.

இச்செய்தியின் மொழிக்கு மிடி என்று பெயர். 1983-ஆம் ஆண்டில் பல நாட்டு இசைக்கருவி உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி ஏற்றுக்கொண்ட பொது மொழி அது. அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இகுதாரோ ககெஹாஷியும் இதற்கு முன்னின்று உழைத்தவர்கள். ஒரு நிறுவனத்தின் விசைப்பலகை மற்றொரு நிறுவனத்தின் கருவியுடன் பேச முடிந்தது இதனால்தான். நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் உங்கள் கைப்பேசியும் அம்மொழியைப் புரிந்துகொள்கிறது என்பது வியப்பன்றோ?

இரண்டு தட்டுகளின் கதை

பலகையில் இரண்டு சக்கரங்கள் ஏன்? அவை ஒரு காலத்தில் சுழன்ற இரண்டு இசைத்தட்டுகளின் நினைவுச் சின்னங்கள்.

1973-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் விருந்து ஒன்று நடந்தது. அங்கே இசைத்தட்டு போட்டவர் கூல் ஹெர்க் என்ற இளைஞர். பாட்டில் வாய்ப்பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் ஆடுவோர் உற்சாகம் கொள்கிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, அந்தச் சில நொடிகளை மாறி மாறி ஒலிக்கவிட்டு நீட்டுவது அவர் கையாண்ட முறை.

அதே பகுதியில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்று பின்னாளில் புகழ்பெற்ற இளைஞர் தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். இசைத்தட்டின்மேல் மெழுகுக் கட்டியால் கோடிட்டு, தாளம் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டார். அடுத்த தட்டைக் கூட்டத்தாருக்குக் கேட்காமல் தாம் மட்டும் காதணி ஒலிபெருக்கியில் முன்கூட்டியே கேட்க வேண்டுமே! அதற்கான மாற்றுவிசையைத் தாமே உருவாக்கிக்கொண்டார். இன்று கண்ட்ரோலரில் 'கியூ' என்று எழுதியிருக்கும் பொத்தான் அந்தத் தேவையிலிருந்து பிறந்ததே.

இவர்களுக்குத் துணை நின்றது சுழல்மேடையின் இயற்பியல். பழைய சுழல்மேடைகளில் மோட்டாரையும் தட்டையும் ரப்பர் வார் இணைத்தது. கையால் பிடித்து நிறுத்திவிட்டால், மறுபடி வேகம் எடுக்க நேரம் ஆகும். மோட்டாரின் அச்சையே தட்டின் அச்சாக்கிய நேரடிச் சுழற்சி முறையை ஜப்பானின் மாட்சுஷிதா நிறுவனம் கொண்டுவந்தது. அதன் டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 மேடை 1972-இல் வெளிவந்தது. 1979-இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில், வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நழுவு பிடி இருந்தது. இன்றைய கண்ட்ரோலரின் பக்கவாட்டில் நீங்கள் காணும் நீண்ட பிடி இதன் வாரிசு.

அக்காலத்தில் ஸிங்க் பொத்தான் கிடையாது. காது ஒன்றே கருவி.

விம்மலும் தாளமும்

காதால் எப்படிப் பொருத்தினார்கள்? நீங்கள் பாடப் புத்தகத்தில் படிக்கும் விம்மல்கள்தான் விடை. 256 மற்றும் 260 அதிர்வெண் கொண்ட இரண்டு இசைக்கவைகளை ஒன்றாக ஒலிக்கச் செய்தால், நொடிக்கு 4 முறை ஒலி பெருகிச் சுருங்கும். அதிர்வெண்களின் வேறுபாடே விம்மல்களின் எண்ணிக்கை.

தாளத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஒரு பாட்டில் நிமிடத்துக்கு 120 தட்டு. மற்றொன்றில் 124 தட்டு. இரண்டும் நிமிடத்துக்கு 4 முறை, அதாவது 15 நொடிக்கு ஒரு முறை, சேர்ந்து விழும். இடையில் விலகிப் போகும். வேகங்களை நெருங்கச் செய்யச் செய்ய, சேர்ந்து விழும் இடைவெளி நீண்டுகொண்டே போகும். வேறுபாடு 1 என்றால் ஒரு நிமிடம். கால் என்றால் நான்கு நிமிடம். விலகல் நின்றுவிட்டால் வேகம் சமம். பிறகும் ஒரு வேலை உண்டு: தட்டின்மேல் தட்டு விழுமாறு சக்கரத்தால் ஒன்றைச் சற்றுத் தள்ள வேண்டும். வேகம் அதிர்வெண் என்றால் இது கட்டம். அதிர்வெண் சமமாக இருந்தும் கட்டம் வேறாக இருக்கலாம் அல்லவா? எங்கள் விழாவில் நிகழ்ந்தது அதுவே. இரண்டும் 120, ஆனால் கட்ட வேறுபாடு அரைத் தட்டு.

கைப்பேசி எங்கே தவறுகிறது?

ஸிங்க் பொத்தான் மந்திரம் அன்று. செயலி பாட்டை முன்கூட்டியே ஆராய்ந்து, ஒலியாற்றல் திடீரென்று உயரும் இடங்களைத் தேடுகிறது. அவற்றுக்கிடையேயுள்ள காலத்தைக் கொண்டு தாளவேகத்தைக் கணித்து, பாட்டின்மேல் ஒரு கட்டம்போட்ட தாள் போல வரிசையாகக் கோடுகளை இடுகிறது. பிறகு இரண்டு பாட்டின் கோடுகளையும் பொருத்திவிடுகிறது. பெரும்பாலும் வெற்றிதான், அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இம்முறைக்குள் சில ஊகங்கள் மறைந்திருக்கின்றன. பாட்டு முழுதும் வேகம் மாறாது என்பது ஒன்று. கணினியில் உருவாக்கிய நடன இசைக்கு இது சரி. வாத்தியக்காரர்கள் ஒரே அறையில் கூடி வாசித்துப் பதிவான பழைய திரைப்பாட்டில், உணர்ச்சிக்கேற்ப வேகம் சிறிது ஏறி இறங்கும், கோடுகள் வழுக்கிவிடும். நான்கு நான்காகத் தட்டு வரும் என்பது மற்றொன்று. ஐந்தெண்ணிக்கைக் கண்டசாபும் ஏழெண்ணிக்கை மிசுரசாபும் பாடும் நம் ஊர் இசை இதற்குள் அடங்குமா? மேலும், நிமிடத்துக்கு 70 தட்டா, 140 தட்டா என்று இயந்திரம் மயங்குவதும், வலுவான எதிர்த்தட்டைத் தலைத்தட்டு என்று கொள்வதும் உண்டு. இவற்றையெல்லாம் திரை காட்டிக் கொடுக்காது. ஏனெனில் திரையில் தெரிவது அந்த ஊகத்தின் படமே. ஊகத்தைச் சோதிக்க அதற்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி உங்கள் காது.

கம்பியா, காற்றா?

கைப்பேசியுடன் கண்ட்ரோலரைப் பயன்படுத்துவோர் இடறி விழும் மற்றொரு இடம் கால தாமதம். இதிலும் காதே முதலில் எச்சரிக்கும்.

கைப்பேசி ஒலியை நொடிக்கு 44,100 எண்களாக வைத்திருப்பது வழக்கம். அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பாமல், சிறு மூட்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு மூட்டையில் 512 எண்கள் என்றால், 512-ஐ 44,100-ஆல் வகுத்துப் பாருங்கள்; ஏறத்தாழ 12 மில்லிநொடி. ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்வதால், இது ஒலிபெருக்கியிலிருந்து 4 மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். இதனால் பெருந்தொல்லை இல்லை.

புளூடூத் ஒலிபெருக்கியைச் சேர்த்தால் கதை வேறு. ஒலியைச் சுருக்கி, வானொலி அலையாக அனுப்பி, மறுமுனையில் விரித்தெடுக்க நூறு மில்லிநொடிக்கு மேல் ஆகிவிடுவது சாதாரணம். 150 மில்லிநொடி என்று கொண்டால், நீங்கள் ஒலிபெருக்கியிலிருந்து 50 மீட்டருக்கு அப்பால் நின்று சக்கரத்தைச் சுழற்றுவது போலாகும்! நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 500 மில்லிநொடி. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாமதத்திலேயே போய்விடும். காதணியைப் புளூடூத்திலும், ஒலிபெருக்கியைக் கம்பியிலும் இணைத்துவிட்டுத் தாளம் பொருந்தவில்லையே என்று வருந்துவோரும் உண்டு. எப்படிப் பொருந்தும்?

ஆனால் கட்டளையைக் காற்றில் அனுப்புவதும் ஒலியைக் காற்றில் அனுப்புவதும் ஒன்றல்ல. மிடி செய்தி மிகச் சிறியது. 2019-இல் வெளிவந்த பயனியர் டிடிஜே-200 போன்ற பலகைகள் புளூடூத் வழியே கட்டளைகளை அனுப்புகின்றன. ஒலியோ கைப்பேசியிலிருந்து கம்பி வழியே போகிறது. இது ஏற்கத்தக்க ஏற்பாடே. அப்பலகைக்குள் ஒலி அட்டை கிடையாது. ஆகவே கைப்பேசியின் இடது ஒலித்தடத்தைக் கூட்டத்தாருக்கும், வலது தடத்தைக் காதணிக்கும் பிரித்துத் தரும் ஒரு கம்பியைப் பயன்படுத்துகிறார்கள். இதனால் முன்கூட்டிக் கேட்க முடிகிறது. விலையாக ஸ்டீரியோ ஒலியை இழக்க நேர்கிறது. ஒலி அட்டை கொண்ட பலகையில் இந்த இழப்பு இல்லை.

கம்பியால் இணைக்கும்போது மின்சாரத்தையும் நினைவில் கொள்ளுங்கள். யு.எஸ்.பி. 2.0 முறைப்படி ஓர் இணைப்புவாய் தரக்கூடியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். இதற்கு மேல் விளக்குகளும் ஒலி அட்டையும் கேட்டால், கைப்பேசி மறுத்துவிடலாம். பலகை பழுது என்று கடைக்கு ஓடும் முன், தனி மின்வழங்கியை இணைத்துப் பாருங்கள்.

ஒரு சிறு கணக்கு

மிடி எண்கள் 0 முதல் 127 வரை என்றேன். வேகப் பிடி 8 விழுக்காடு குறைவிலிருந்து 8 விழுக்காடு மிகுதி வரை செல்லட்டும். மொத்தம் 16 விழுக்காடு, 127 படிகள். ஒரு படி ஏறத்தாழ 0.126 விழுக்காடு. நீங்கள் விரும்பும் வேகம் இரண்டு படிகளுக்கு நடுவே இருந்தால், பிழை அதில் பாதி, 0.063 விழுக்காடு. அற்பம் என்று தோன்றுகிறதா? ஒரு நிமிடத்தில் 38 மில்லிநொடி விலகும். மூன்று நிமிடத்தில் நூற்றைத் தாண்டும். காது அதைப் பொறுக்காது. ஆகவேதான் நல்ல பலகைகள் இரண்டு எண்களைச் சேர்த்து 16,384 படிகளாக வேகப் பிடியின் நிலையை அனுப்புகின்றன. அப்போது விலகல் நிமிடத்துக்கு மில்லிநொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. விலை கொடுத்து வாங்குமுன் விளக்குகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, இதை விசாரிப்பது அறிவுடைமை.

எதிர்வாதம் கேட்போம்

"கணக்குப் பொறி வந்தபின் மடக்கை அட்டவணை எதற்கு? இயந்திரம் செய்யும் வேலையைக் காது ஏன் செய்ய வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொத்தான் கையை விடுவிக்கிறது. விடுபட்ட கை வேறு நுட்பங்களைச் செய்கிறது. தேர்ந்த கலைஞர்கள் பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். நான் அதைக் குறை கூறவில்லை. இது இசையே அன்று என்று இளைஞர்களைக் கடிந்துகொள்ளும் பெரியவர்களுடனும் நான் சேரவில்லை.

ஆனால் எண்ணிப் பாருங்கள். கணக்குப் பொறியில் 12-ஐ 12-ஆல் பெருக்கி 1,440 என்று விடை வந்தால், விசையைத் தவறாக அழுத்திவிட்டோம் என்று உடனே உணர்கிறீர்கள். எப்படி? வாய்ப்பாடு உங்களுக்குள் இருப்பதால். வாய்ப்பாடு அறியாதவன் 1,440-ஐ விடைத்தாளில் எழுதிவிடுவான். எங்கள் மாணவன் திரையைப் பார்த்துத் திகைத்து நின்றதும் இதே நிலைதான். அளக்கும் கருவியை நம்புவதற்கு முன், அதன் பிழையை அறியும் ஆற்றலைப் பெற வேண்டும். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் முதல் நாளே சுழிப்பிழை பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒலியை அளக்கும் கருவிக்கு மட்டும் விலக்கு ஏன்?

ஒரு மாதப் பயிற்சி

இதற்குப் பணம் செலவிட வேண்டாம். கண்ட்ரோலர் கேட்டு வீட்டில் அடம் பிடிக்கவும் வேண்டாம். முதல் வாரம், இரண்டு கைப்பேசிகளில் தாளம் தட்டும் செயலியை இயக்குங்கள். ஒன்றில் 100, மற்றொன்றில் 104. எத்தனை நொடிக்கு ஒரு முறை சேர்ந்து விழுகின்றன என்று கண்ணை மூடி எண்ணுங்கள். 15 வர வேண்டும். பிறகு நண்பர் ஒருவர் இரண்டாவது எண்ணை உங்களுக்குத் தெரியாமல் மாற்றட்டும், காதாலேயே கண்டுபிடியுங்கள். எந்தப் பக்கம் விலகுகிறது, எது முந்துகிறது என்பதையும் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாம் வாரம், இரண்டு பாட்டுகளைக் கலக்கும் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். இலவசமாகவே கிடைப்பன உண்டு. திரையிலுள்ள தாளவேக எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிடுங்கள். வேகத்தைக் காதால் சமமாக்குங்கள். மூன்றாம் வாரம், கட்டத்தைப் பொருத்துங்கள். நான்காம் வாரம், காகிதத்தை எடுத்துவிட்டு உங்கள் விடையைத் திரையின் விடையோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால், இருவரில் யார் பக்கம் பிழை என்று ஆராயுங்கள். சில வேளைகளில் திரையின் பக்கம் இருக்கும். அன்று உங்களுக்கு உண்டாகும் மகிழ்ச்சியை நான் இங்கே எழுதிக் காட்ட முடியாது.

அதன்பின் ஸிங்க் பொத்தானைத் தாராளமாக அழுத்துங்கள்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். இத்தனை வேலையும் செய்வது காதுதான். அதன் உட்செவியில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபெல், குழந்தைகளுக்கு 75 டெசிபெல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் தரும் வரம்பு. 3 டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் இரு மடங்கு. ஆகவே கேட்கலாகும் நேரம் பாதி. கூட்டத்தின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்று காதணியின் ஒலியை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

கண்ட்ரோலர் பழையதானால் புதிது வாங்கிக்கொள்ளலாம். காதுக்கு மாற்றுப் பொருள் எந்தக் கடையிலும் இல்லை. இன்று மாலையே இரண்டு கைப்பேசிகளை அருகருகே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்குங்கள்!